லெனினை உயிர்ப்பிக்கும் அங்கத த்ரில்லர்: பாதியில் நிற்கிறது, யோசனை சொல்லுங்கள்

இரவெழுத்து:

வணக்கம் நண்பர்களே. ஒரு த்ரில்லர் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதியில் நிற்கிறது. அங்கதக் கதை. ஆனால் துரத்தல், ரகசியக் கோப்பு, ஆள் கடத்தல் எல்லாம் முறையாக உண்டு. களம் மாஸ்கோ, காலம் 2024 ஜனவரி. அந்த மாதம் 21ஆம் தேதியோடு லெனின் இறந்து நூறு வருடம். மார்ச்சில் அதிபர் தேர்தல். இந்த இரண்டுக்கும் நடுவில், செஞ்சதுக்கச் சமாதியில் இருக்கும் உடம்புக்கு ரகசியமாக உயிர் கொடுக்கிறார்கள். மேலிடத்துக்கு வேண்டியது ஒரே ஒரு காட்சிதான். பழைய தலைவர் இன்றைய தலைவரின் தோளில் கை வைக்க வேண்டும், அதைப் படம் பிடிக்க வேண்டும்.

வெறும் கற்பனை என்றுதான் ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அந்த நாட்டில் நிஜமாகவே இதை யோசித்தவர்கள் இருந்தார்கள் என்று தெரிந்தது. மாஸ்கோவில் ருமியான்ட்சேவ் அருங்காட்சியக நூலகத்தில் வேலை பார்த்த நிக்கொலாய் ஃபியோதரவ், செத்துப்போன முன்னோர் அத்தனை பேரையும் அறிவியலால் எழுப்புவதே மனித குலத்தின் பொதுக் கடமை என்று கடைசிவரை சொன்னவர். 1903இல் இறந்தார். லெனினின் இறுதிச் சடங்குக் குழுவில் இருந்த பொறியாளர் லியனீத் கிராசின், 1921இலேயே ஒரு தோழரின் சவ அடக்கத்தில் நின்று, மாமனிதர்களை அறிவியல் திரும்ப எழுப்பும் காலம் வரும் என்று பேசியிருக்கிறார். 1924இல் உடம்பை உறையவைத்துக் காக்கலாம், ஜெர்மனியிலிருந்து குளிரூட்டும் கருவி தருவிக்கலாம் என்று முனைந்ததும் அவரே. லெனினோடு மோதிப் பிரிந்த பழைய புரட்சித் தோழர் பக்தானவ், மாஸ்கோவில் ரத்தமேற்று நிலையம் தொடங்கி, ஒரு மாணவரோடு ரத்தம் மாற்றிக்கொண்டு 1928இல் செத்தே போனார். ஆக, என் கதையின் விஞ்ஞானிக்கு ஒரு குருபரம்பரை கிடைத்துவிட்டது.

சிக்கல் அதற்கப்புறம்தான். லெனின் எழுந்தபின் நான் எழுதிய பக்கங்கள் எனக்கே பிடிக்கவில்லை. செஞ்சதுக்கத்தில் லெனின் வேஷம் போட்டு சுற்றுலாப் பயணிகளோடு படம் எடுத்துக் காசு வாங்குகிறவர்களிடம் மாட்டிக்கொள்கிறார். கைப்பேசியைப் பார்த்து மிரள்கிறார். இதெல்லாம் யாருக்கும் தோன்றும். வாசகர் சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்.

எனக்கு வேண்டியது வேறு. 2016 ஜனவரியில் புதின், ரஷ்யா என்ற கட்டடத்துக்கு அடியில் லெனின் அணுகுண்டு வைத்துவிட்டார் என்றார். அதே வருடம் ஏப்ரலில், அந்த உடம்பைப் பராமரிக்க 1.3 கோடி ரூபிள் என்று அரசுக் கொள்முதல் தளத்தில் அறிவிப்பு வந்தது. உடம்புக்குப் பணம் கொடுத்துக் காவல் போடுகிறார்கள். அந்த உடம்பு ஒரு காலத்தில் சொன்னதை இன்றைக்கு ஒருவன் தெருவில் நின்று சொன்னால் அவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இந்த இடம்தான் என் கதை என்று திடமாக நம்புகிறேன். அதைக் காட்சியாக்கத்தான் வழி தெரியவில்லை.

உயிர்ப்பித்தலை எவ்வளவு விளக்க வேண்டும்? உடம்பைச் சமாதியிலிருந்து யாருக்கும் தெரியாமல் எப்படி வெளியே கொண்டுவருவது? வந்தபின் அவரைத் துரத்துவது யார், எதற்காக? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உடற்கூறு டீச்சர்:

மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு பாடம் எடுக்கிறேன். பதப்படுத்திய உடல்களோடுதான் என் பகல் போகிறது. அதனால் முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நாங்கள் ஒரு உடலைப் பதப்படுத்தும்போது தொடையிலோ கழுத்திலோ பெரிய தமனியைத் திறந்து, அதன் வழியாகத் திரவத்தை ஏற்றுவோம். குழாய்கள் முழுசாக இருந்தால் திரவம் விரல் நுனிவரை தானாகப் போய்ச் சேரும். லெனின் விஷயத்தில் அந்த வழியே அடைபட்டுவிட்டது. பிரேதப் பரிசோதனை செய்த அப்ரிகோசவ், வழக்கப்படி பெரிய ரத்தக் குழாய்களை வெட்டிவிட்டார். சில நாள் அஞ்சலிக்கு வைத்திருந்தால் போதும் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்திருந்தார்கள். மார்ச் வந்ததும் தோலில் கருந்திட்டுகள் தெரிய ஆரம்பித்தன. கார்க்கிவ் நகரத்து உடற்கூறு அறிஞர் வரபியோவையும் உயிர்வேதியியலாளர் ஸ்பார்ஸ்கியையும் கூப்பிட்டார்கள். கிளிசரின், பொட்டாசியம் அசிட்டேட் கலந்த கரைசலில் உடம்பை ஊறவைத்து, சில மாதம் ராப்பகலாக வேலை செய்து மீட்டார்கள். 1924 ஆகஸ்ட் 1ஆம் தேதி மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள்.

இதில் உங்கள் கதைக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கண்கள் உள்வாங்காமல் இருக்க இமைக்கடியில் செயற்கை விழிகளை வைத்தார்கள். உதடுகளை மீசை மறைக்கும் இடத்தில் தைத்தார்கள். உங்கள் லெனின் எழுந்தவுடன் பேச வேண்டுமென்றால், முதலில் யாராவது ஒருவர் குனிந்து அந்தத் தையலைப் பிரிக்க வேண்டும். கதவைத் தாழிட்டுக்கொண்டு, கத்தரிக்கோல் நுனியால், ஒவ்வொரு முடிச்சாக. அந்த ஆள் யார், அவருக்கு உத்தரவு போட்டது யார், தையலைப் பிரிக்கலாமா கூடாதா என்று வெளியே எத்தனை பேர் சண்டை போடுகிறார்கள்? உங்கள் முதல் பெரிய காட்சி இது. உயிர் எப்படி வந்தது என்பதை விளக்கவே விளக்காதீர்கள். தையலை மட்டும் துல்லியமாக எழுதுங்கள், வாசகர் மீதியை நம்பிவிடுவார்.

அடுத்தது மூளை. அது உடம்போடு இல்லை. ஜெர்மானிய நரம்பியல் அறிஞர் ஆஸ்கர் ஃபோக்ட்டை வரவழைத்து, மேதைமைக்கு அடையாளம் தேட வேண்டும் என்று முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லிய சீவல்களாக வெட்டினார்கள். அதற்கென்றே மாஸ்கோவில் மூளை ஆய்வு நிறுவனம் வந்தது. ஒரே ஊரில் உடம்பு ஒரு கட்டடத்தில், மூளை வேறொரு கட்டடத்தில். உங்கள் சதிகாரர்கள் இரண்டு இடத்தில் திருட வேண்டும்.

கடைசியாக ஒன்று. உயிர்ப்பிப்பது என்றால் எந்த லெனினை? 1917இல் மேடையேறிப் பேசியவரையா? உடம்பில் இருப்பது 1924 ஜனவரி மனிதர். மே 1922இல் முதல் பக்கவாதம், டிசம்பரில் அடுத்தது, மார்ச் 1923இல் வந்தது பேச்சைப் பறித்துவிட்டது. வலது பக்கம் செயலிழந்தது. அதற்கப்புறம் அவரால் சொல்ல முடிந்தது பெரும்பாலும் "வோத் வோத்" (ரஷ்ய மொழியில் இதோ, இதோ) என்பதுதான். கோபம், சம்மதம், வேண்டாம் என்பது எல்லாமே அதுதான், குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் புரிந்துகொள்வார்கள். மனைவி குரூப்ஸ்காயா பொறுமையாக எழுத்து எழுத்தாகப் பேசக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் எழுந்துவந்தால், தோளில் வைக்கச் சொல்லும் வலது கை எழாது. வாயைத் திறந்தால் ஒரே சொல். அதற்கு அர்த்தம் சொல்ல மந்திரிமார் வரிசையில் நிற்பார்கள். நான் எழுதுவதாக இருந்தால் இந்த லெனினைத்தான் எழுதுவேன்.

வடக்குவாசல்:

டீச்சர் சொன்ன வலது கையை நான் பார்த்திருக்கிறேன். மாஸ்கோவில் வேலை பார்த்த காலத்தில் சமாதிக்குள் போனேன். அனுமதி இலவசம், வரிசையில் நிற்க வேண்டும், சோதனை உண்டு, படம் எடுக்கக் கூடாது. வெயிலிலிருந்து சட்டென்று கறுப்புக் கல் படிகளில் இறங்கும்போது கண் தெரியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு காவலர் நிற்பார், பேசினால் விரலை உதட்டில் வைப்பார், சட்டைப்பையில் கை விட்டிருந்தால் எடுக்கச் சொல்வார். யாரும் நிற்கக் கூடாது, நடந்துகொண்டேதான் பார்க்க வேண்டும். தெரிவது முகமும் இரண்டு கைகளும் மட்டும். இடது கை விரல்கள் விரிந்து கிடக்கும். வலது கை மூடியிருக்கும். புரட்சிக்காரனின் முஷ்டி என்றுதான் வெளியே பலர் சொன்னார்கள். நோயில் மடங்கிய கை அது.

கோர்க்கி என்ற ஊரில் அவர் இறந்த வீட்டையும் போய்ப் பார்த்தேன். நகரத்துக்குத் தெற்கே, பிர்ச் மரங்களுக்கு நடுவில் மஞ்சள் நிறப் பெரிய வீடு. அங்கே மோட்டார் வைத்த சக்கர நாற்காலி ஒன்று இருக்கிறது, பரிசாக வந்தது. இயக்கும் பிடி வலது பக்கம். அவருக்கு வேலை செய்தது இடது கை மட்டும், அதனால் அதை ஓட்டவே முடியவில்லை. மாடிப்படிக்கு இன்னொரு கைப்பிடிக் கம்பி போட்டிருக்கிறார்கள், இடது கையால் பிடித்து ஏறுவதற்கு. நாவலில் அவரை ஒளித்துவைக்க இடம் தேடினால் வேறெங்கும் போக வேண்டாம். அவருக்குக் கால் பழகிய வீடு அது.

வெளியே கொண்டுவரும் வழிக்கு வருகிறேன். ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை வாக்கில் சமாதியை மூடிவிட்டு உடம்பைக் கரைசலில் ஊறவைப்பார்கள். சில வாரம் கதவு பூட்டியிருக்கும், யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். உங்கள் ஆட்களுக்கு அந்த இடைவெளி போதும். முன்மாதிரியும் இருக்கிறது. 1941 ஜூலையில் ஜெர்மானியப் படை நெருங்கியபோது உடம்பைத் தனி ரயிலில் ஏற்றி சைபீரியாவில் த்யுமேனுக்கு அனுப்பிவிட்டார்கள். 1945இல்தான் திரும்பி வந்தது. நடுவில் 1941 நவம்பர் 7 அணிவகுப்பில் ஸ்டாலின் அந்தச் சமாதி மேல் நின்று பேசினார். காலடியில் ஆள் இல்லை. கீழே காவல் மட்டும் வழக்கம்போல நின்றது. சமாதி காலியாக இருப்பது ஊருக்குத் தெரியாமல் ஒரு போரையே நடத்திய அரசு அது.

உடம்பைக் கவனிக்கும் ஆய்வகம் எந்த நிறுவனத்தின் கீழ் வருகிறது தெரியுமா? மருந்துச் செடிகள், நறுமணச் செடிகள் ஆய்வு நிறுவனம். உங்கள் விஞ்ஞானிக்கு அறிமுக அட்டை அச்சடிக்க ஆராய்ச்சியே தேவையில்லை.

இனி அந்த 2024 குளிர்காலத்தைச் சொல்கிறேன், அதை நீங்கள் விடக்கூடாது. பிப்ரவரி 13ஆம் தேதி இடதுசாரி சமூகவியலாளர் பரீஸ் ககர்லீத்ஸ்கிக்கு மேல்முறையீட்டில் 5 வருடச் சிறை, பயங்கரவாதத்தை நியாயப்படுத்தினார் என்று. முதலில் அபராதத்தோடு விட்டிருந்தார்கள். மூன்று நாள் கழித்து ஆர்க்டிக் சிறையில் எதிர்ப்புத் தலைவர் நவால்னி இறந்தார். ரகசியப் போலீஸின் தலைமையகமான லூபியான்காவுக்கு எதிரே ஒரு நினைவுக்கல் இருக்கிறது, சோவியத் காலத்தில் ஒடுக்கப்பட்டவர்களுக்காக வைத்தது. அங்கே பூ வைக்கப் போனவர்களைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். நவால்னியின் உடலை அம்மாவிடம் ஒப்படைத்தது 24ஆம் தேதி. ஒரு வாரம் அந்த அம்மா பனியில் வாசல் வாசலாக நின்றார். அதே அரசு, இன்னொரு உடலை நூறு வருடமாகத் தைலம் போட்டுக் காக்கிறது. இந்த இரண்டு உடல்களையும் ஒரே நாவலில் வைக்காமல் அந்த வருடத்து மாஸ்கோவை எழுத முடியாது என்று நினைக்கிறேன்.

துரத்தல் பற்றி ஒரு வரி. மெட்ரோவில் முகத்தை அடையாளம் காணும் கேமராக்கள் இருக்கின்றன. போராட்டத்துக்குப் போகிறவர்களை நுழைவாயிலிலேயே நிறுத்த அவை உதவுகின்றன. 1917 கோடையில் லெனின் தாடி மீசையை மழித்து, பொய்முடி வைத்து, இவனோவ் என்ற தொழிலாளியின் பெயரில் தாள் வைத்துக்கொண்டு பின்லாந்துக்குத் தப்பினார். அந்த அடையாள அட்டைப் படம் இன்றும் கிடைக்கிறது. இந்தக் கேமராவிடம் அந்தப் பொய்முடி எடுபடுமா என்று ஒரு அத்தியாயம் எழுதலாம்.

இரவெழுத்து:

டீச்சர், வடக்குவாசல் அண்ணா, இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. பேச முடியாத லெனின் என்றதும் கதை மொத்தமும் திரும்பிவிட்டது.

இப்படி யோசிக்கிறேன். கோர்க்கி வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ். இளம்பெண். பேச்சு திரும்ப வர வேண்டும் என்பதற்காக, அவர் எழுதியவற்றையே எடுத்து வாசித்துக் காட்டுகிறாள். அலமாரியில் 55 தொகுதிகள் இருக்கின்றன. 1917 நவம்பர் 8ஆம் தேதிச் சமாதான ஆணையைச் சத்தமாகப் படிக்கிறாள்: உடனே போரை நிறுத்துவோம், பிற நாட்டு மண்ணை இணைத்துக்கொள்ளாத சமாதானம் வேண்டும். கதவுக்கு வெளியே காவலாளி கேட்டுக்கொண்டிருக்கிறான். படையை இழிவுபடுத்தினால் தண்டனை என்று 2022 மார்ச்சில் சட்டம் வந்தாகிவிட்டது. எழுதியவர் நாற்காலியில் பத்திரமாக இருக்கிறார், கம்பளி போர்த்தி விடுகிறார்கள். படித்தவளை இழுத்துக்கொண்டு போகிறார்கள். நான் தேடிக்கொண்டிருந்தது இந்தக் காட்சிதான். இனி நாவலில் துரத்தப்படுவது அவர் இல்லை, அவள்.

அவர் மேலேயும் ஒரு வழக்கு போட ஆசை. 1917 ஏப்ரலில் ஜெர்மனி வழியாக ரயிலில் வந்தார், ஜூலையில் ஜெர்மன் உளவாளி என்று கைது உத்தரவு வந்தது. பிடிக்காதவர்களை இன்றைய அரசு சேர்க்கும் வெளிநாட்டு முகவர் பட்டியலில் முதல் பெயராகப் போடலாம் அல்லவா?

பழுப்புத்தாள்:

தம்பி, நர்ஸ் காட்சி நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் நீங்கள் பாதி உண்மைதான் எழுதுகிறீர்கள். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்களோடு வளர்ந்தவன் நான். அந்தப் பழுப்புத் தாள்களில் இருந்த லெனினை நேசித்தவன். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அவளை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் யார்? 1917 டிசம்பர் 20ஆம் தேதி சேக்கா என்ற ரகசியப் போலீஸ் பிறந்தது, லெனினின் அரசுதான் பெற்றது. இன்றைக்கும் ரஷ்யாவில் பாதுகாப்புத் துறை ஊழியர்களின் நாள் எது? அதே டிசம்பர் 20. 1995இல் யெல்த்சின் அறிவித்தார். அவர்கள் தங்களைச் சேக்காக்காரர்கள் என்றே இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். உங்கள் நாவலில் வாசலில் நிற்கும் காவலாளி அந்தக் கிழவரின் பேரன் முறை. இதை எழுதாவிட்டால், நல்ல தாத்தா கெட்ட பேரன் கதையாகப் போய்விடும்.

வெளிநாட்டு முகவர் யோசனையையும் கொஞ்சம் கவனமாகக் கையாளுங்கள். 1922 இலையுதிர் காலத்தில், பிடிக்காத தத்துவ அறிஞர்களையும் பேராசிரியர்களையும் பெத்ரோகிராதிலிருந்து (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஜெர்மன் கப்பல்களில் ஏற்றி நாடுகடத்தினார்களே, அந்தப் பட்டியலுக்காகக் கடிதம் எழுதி அவசரப்படுத்தியவர் லெனின். பக்கவாதம் வந்து படுத்து எழுந்த வருடத்தில் அதைச் செய்தார். பட்டியல் போடும் பழக்கம் அந்த ஊரில் 2012இல் வெளிநாட்டு முகவர் சட்டத்தோடு புதிதாக வந்தது இல்லை.

ஆகவே நர்ஸ் போனபின் இன்னொருவர் வந்து உட்காரட்டும். பாதுகாப்புத் துறை அதிகாரி. அவரும் வாசித்துக் காட்டட்டும். 55 தொகுதிகளில் இல்லாத ஒரு தாள், சோவியத் முடிந்தபின் வெளியே வந்தது. 1918 ஆகஸ்ட் 11ஆம் தேதி பென்சா மாகாணத் தோழர்களுக்கு லெனின் எழுதியது. பணக்கார விவசாயிகளில் நூறு பேருக்குக் குறையாமல் தூக்கிலிடுங்கள், ஊர் பார்க்கும்படி தூக்கிலிடுங்கள், பெயர்களை வெளியிடுங்கள், தானியத்தைப் பறியுங்கள் என்கிறது. அதிகாரி அதை மரியாதையோடு படிக்க வேண்டும். தன் வேலைக்குக் கிடைத்த அங்கீகாரமாக நினைத்துப் படிக்க வேண்டும். நர்ஸ் படித்த சமாதான ஆணைக்கும் அதிகாரி படித்த தூக்கு உத்தரவுக்கும் நாற்காலியில் இருப்பவர் சொல்வது அதே "வோத் வோத்" தான். எதற்குச் சம்மதித்தார், எதை மறுத்தார் என்று வாசகர் தவிக்கட்டும். நீங்கள் பதில் சொல்லக் கூடாது.

குரூப்ஸ்காயாவையும் மறந்துவிடாதீர்கள். கணவர் இறந்து பத்து நாள் ஆவதற்குள், 1924 ஜனவரி 30ஆம் தேதி கட்சிப் பத்திரிகையான பிராவ்தாவில் அந்த அம்மா எழுதினார்: அவர் பெயரில் சிலை வேண்டாம், மாளிகை வேண்டாம், ஆடம்பரச் சடங்கு வேண்டாம், மதிக்க நினைத்தால் குழந்தைக் காப்பகமும் வீடும் பள்ளியும் நூலகமும் மருத்துவமனையும் கட்டுங்கள் என்று. யாரும் கேட்கவில்லை. இந்தக் கதையில் எல்லோரும் அவரை எதற்கோ பயன்படுத்தப் பார்க்கிறார்கள், விஞ்ஞானி, அரசு, நர்ஸ், நீங்கள் உட்பட. அவரைச் சடங்குப் பொருளாக்காதீர்கள் என்று சொன்ன குரல் அந்த அம்மாவுடையது.

இரவெழுத்து:

ஐயா, மறுப்பதற்கு எதுவும் இல்லை. நர்ஸை நான் ரொம்ப நல்லவளாக எழுத ஆரம்பித்துவிட்டேன், அவளும் அவரை வைத்து எதையோ நிரூபிக்கப் பார்க்கிறாள் என்பது நீங்கள் சொன்னபின் தெரிகிறது. அவள் பிராவ்தா கடிதத்தையும் படித்துக்காட்டுவாள், கைதாவதற்கு முந்தின ராத்திரி. அதை மட்டும் அவளால் முழுசாகப் படிக்க முடியாது.

நூற்றாண்டு நாளில் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் ஜூகானவ் தலைமையில் சமாதிக்கு மலர் வைக்க வருவார்கள். அந்த நேரம் பெட்டி காலி. 1941 அணிவகுப்பைப் போலவே அதை எழுதப்போகிறேன். அண்ணா, ஒரே ஒரு கேள்வி: கோர்க்கி வீட்டிலிருந்து சமாதிக்கு ராத்திரி வண்டியில் எவ்வளவு நேரம் ஆகும்?

வடக்குவாசல்:

முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஜனவரி ராத்திரி, பனி அள்ளும் வண்டிகள் குறுக்கே வராவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் வழியெல்லாம் கேமரா. காரில் வேண்டாம், ஆய்வகத்து வண்டியிலேயே கொண்டுவாருங்கள். மருந்துச் செடி நிறுவனத்தின் பெயர் பக்கவாட்டில் இருக்கட்டும்.